நொறுக்க வேண்டியது எதை?

மாற்றியமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் அனைத்தையும் பறிமுதல் செய்து, புல்டோசரின் கீழிட்டு நொறுக்க வேண்டும் என்று சில வாரங்களுக்கு முன்னர் வடபுல நாளிதழ் ஒன்று ஆசிரியத் தலையங்கம் தீட்டியிருந்தது. எழுதியவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர், ஒரு காலத்தில் என்னிடம் செய்தி எழுதப் பழகியவர். அவரைப் பெயர் சொல்லித் தாக்குவது என் நோக்கமன்று. அந்தத் தலையங்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் இருபது வருடங்களுக்கு முன்னர் நானே எழுதியிருக்கிறேன். ஆகவே பதில் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு.

"வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் மதிலுடன் மோதியதில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார்." என் பணிக்காலத்தில் இவ்வாக்கியத்தை எத்தனை தடவை அச்சேற்றியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஊரின் பெயரையும் வயதையும் மாற்றினால் போதும், செய்தி தயார். அந்த வண்டியின் முன் ரயர் எந்த நிலையில் இருந்தது, பிறேக் பிடித்ததா, அது அதற்கு முன்னர் எங்கேனும் மோதி நிமிர்த்தப்பட்டதா என்று ஒரு நிருபரும் கேட்டு எழுதியதில்லை. கேட்கும்படி நானும் சொன்னதில்லை. ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீதிகளில் பலிகொடுக்கும் இந்நாட்டில், சாவுக்குக் காரணம் 'இளைஞர்களின் வேகமோகம்' என்று எழுதிவிட்டால் எங்கள் கடமை முடிந்துவிடுகிறது.

எனக்கு இதில் கண் திறந்தது பிந்தித்தான். திறந்து வைத்தவன் என் தங்கையின் மகன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அது மீளத் திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இந்நாட்டில் எந்த வாகனமும் குப்பைக்குப் போகவில்லை என்றே சொல்லலாம். விபத்தில் சிக்கிய மோட்டார் சைக்கிளைத் திருத்தும் செலவு அதன் பெறுமதியை நெருங்கும்போது, காப்புறுதிக்காரர் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுச் சிதைந்த வண்டியைக் கேள்வி கோரி விற்றுவிடுவார். வாங்குபவர் அதை நிமிர்த்தி, ஒட்டி, வர்ணம் பூசி, பிள்ளைக்குச் சைக்கிள் தேடி அலையும் ஒரு தகப்பனின் தலையில் கட்டுவார். பிரித்தானியாவில் இத்தகைய வாகனங்களை ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகைப்படுத்தும் முறை 2017 முதல் உண்டு. முதலிரு வகையும் மீண்டும் வீதிக்கு வரவே முடியாது. அமெரிக்காவில் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை விழும். இங்கு என் கையில் வந்த பதிவுப் புத்தகம் எதிலும் 'இது ஒருமுறை நொறுங்கியது' என்ற ஒரு வரியை நான் கண்டதில்லை.

2021 இல் மருமகன் வாங்கிய முதலாவது வண்டி அப்படிப்பட்டதுதான். யமஹா ஆர்15. தொண்ணூறாயிரம் ரூபா. மேலோட்டில் கீறலும் உடைந்த விளக்கும் தவிர வேறு குறை எனக்குத் தெரியவில்லை. அவனோ முதல் வேலையாகப் பிளாஸ்ரிக் ஓடுகளை எல்லாம் கழற்றிவிட்டு, சட்டத்தின் கழுத்துப் பகுதியில், அதாவது முன் கவர் வந்து பொருந்தும் இடத்தில், மண்ணெண்ணெய் பூசித் துடைத்தான். துடைத்த பின்னும் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு நின்றது. வெடிப்பு.

அயலிலுள்ள கராஜ்காரர் வந்து பார்த்தார். "தம்பி, ஒரு ஒட்டுப் போட்டுப் பெயின்ற் அடிச்சால் ஒருத்தருக்கும் தெரியாது. நானே ஒண்டரைக்கு வித்துத் தாறன்" என்றார். அவரும் கெட்டவரல்லர், அப்படித்தான் அத்தொழில் நடக்கிறது. மருமகன் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் இரும்பு வாள் ஒன்றை இரவல் வாங்கி வந்து, அந்தச் சட்டத்தின் கழுத்தைக் குறுக்காக அறுத்தான். இரண்டு மணித்தியாலம் சென்றது. தங்கை அழுதாள். "ஏனடா, இரும்பு விலைக்காவது குடுத்திருக்கலாமே?" என்று நானும் கேட்டேன். "குடுத்தால் ஆரோ ஒட்டி வித்துப்போடுவாங்கள் மாமா. வாங்கிறவன் சாவான்."

தலையங்க ஆசிரியரிடம் கேட்கிறேன்: அந்த வாரத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளின் பாதுகாப்புக்கு இதைவிடப் பெரிய காரியம் ஏதாவது செய்யப்பட்டதா? நீங்களோ நானோ செய்தோமா?

இரண்டாவது வண்டியும் ஆர்15 தான். 2011 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு, 149.8 சிசி, ஏறத்தாழ 17 குதிரைவலு. அவ்வளவுதான். தலையங்கங்களில் வரும் 'அதிவேகப் பிசாசு' அன்று. இம்முறை அவன் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே சோதித்தான். முன், பின் சில்லுகளுக்கு இரு பக்கமும் நூல் பிடித்து அவை ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தான். முன் கவர்க் குழாய்களைக் கழற்றி ஒரு கண்ணாடித் தட்டின்மேல் உருட்டினான். வளைந்த குழாய் உருளும்போது கண்ணாடிக்கும் அதற்கும் இடையே ஒளிக்கீற்று வந்துவந்து போகும். ஒன்று வளைந்திருந்தது. அதை நிமிர்த்தவில்லை, வேறொன்று தேடினான். பின் ரயரில் பூ நிறைய இருந்ததைக் கண்டு நான் மகிழ்ந்தபோது, அதன் பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினான். 1812. 2012 ஆம் ஆண்டின் பதினெட்டாவது வாரத்தில் வார்த்தெடுத்தது. பூ இருந்தாலும் றப்பர் செத்துவிட்டது என்றான். பத்து வருடங்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செய்தி சேகரித்த எனக்கு அந்த இலக்கங்களின் பொருள் அன்றுதான் தெரிந்தது.

அதன் பின் வந்தது 2022. பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறிய வருடம். கியூஆர் அட்டைக்கு வாரம் நான்கு லீற்றர் கிடைத்த வருடம். மார்ச் இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. ஓட்டுவதற்கு எரிபொருள் இல்லாத காலத்தில் கழற்றிப் பூட்டுவதற்கு நேரம் இருந்தது. ரோர்ச் வெளிச்சத்தில் அவன் வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்க்கையில் எனக்குத் தொண்ணூறுகள் நினைவுக்கு வந்தன. பொருளாதாரத் தடையின் கீழ், சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் எம்.டி. 90 ஓட்டிய ஊர் இது. பொறியியல் படித்தவர்கள் ஓடாது என்றார்கள். நோயாளியையும் ஆசிரியரையும் சுமந்துகொண்டு, புகை கக்கியபடி அது ஓடியது. அன்று அந்த மெக்கானிக்குகளைக் கெட்டிக்காரர் என்று எழுதினோம். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வயதுள்ளவர்கள் அதே கைத்திறனைக் காட்டினால் காவாலிகள் என்று எழுதுகிறோம். (இதில் 'நாங்கள்' என்பதில் நானும் அடக்கம்.)

அவன் கட்டியது வீதிக்கான வண்டியன்று. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடுவதற்கானது. இந்த வேறுபாடுதான் தலையங்கக்காரருக்கும் பொலிஸாருக்கும் இன்னமும் புரியவில்லை. வீதியில் வீரம் காட்டுபவன் முதலில் மாற்றுவது சைலென்சரை. சத்தம் வேண்டும் அவனுக்கு. தடத்துக்குப் போகிறவன் கழற்றுகிறான். முகப்பு விளக்கு, பக்கக் கண்ணாடிகள், சமிக்ஞை விளக்குகள், பக்கத் தாங்கி, இலக்கத் தகடு எல்லாம் போய்விட்டன. குளிரூட்டும் பச்சைத் திரவத்தை ஊற்றிவிட்டு வெறும் நீரை நிரப்பினான். அந்தத் திரவம் தடத்தில் சிந்தினால் எண்ணெய் போல வழுக்கி, பின்னால் வருபவனை வீழ்த்திவிடும். எஞ்சின் ஒயில் வடிக்கும் ஆணியின் தலையில் துளையிட்டு, அது கழன்று விழாதபடி மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டினான். எஞ்சினின் கீழ், ஒயில் கசிந்தாலும் நிலத்தில் சிந்தாது ஏந்திக்கொள்ள ஒரு தட்டு. கவனியுங்கள்: இவற்றில் பாதி தன்னைக் காப்பதற்கல்ல, பின்னால் வரும் முகமறியாத ஒருவனைக் காப்பதற்கு. எஞ்சின் வலுவைக் கூட்ட அவன் ஒரு சதமும் செலவிடவில்லை. பணமெல்லாம் ரயருக்கும் பிறேக்குக்கும் போயிற்று.

விளக்கும் தகடும் இல்லாத அந்த வண்டியைத்தான் ஒருநாள் சீருடையினர் இருவர் வந்து படலைக்குள் நின்று பார்த்தனர். யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். "இது எந்த வீதியில் ஓடுகிறது?" என்று கேட்டார் ஒருவர். எந்த வீதியிலும் ஓடாது என்றான். அந்தப் பதிலை எழுதிக்கொள்வதற்கு அவர்களுடைய படிவத்தில் இடம் இருக்கவில்லை போலும். மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதே மாலையில் எங்கள் ஒழுங்கையால் காதைப் பிளக்கும் சத்தத்துடன் மூவர் ஏறிய ஒரு பல்சர் தலைக்கவசமின்றிப் பறந்தது. அதன் பின்னால் யாரும் போகவில்லை.

ஒரேயொரு தடவை அவன் அதைத் தடத்தில் ஓட்டியிருக்கிறான். யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் ஏற்றி, குருநாகல் மாவட்டத்துப் பன்னலைக்கு. போக்குவரத்துச் செலவு ரயரின் விலையை விடக் கூட. நானும் உடன் போனேன், வயது போன காலத்தில் எனக்கேன் இந்த வேலை என்று முணுமுணுத்தபடி. அங்கே முதலில் நடந்தது பரிசோதனை. கம்பி கட்டியிருக்கிறதா, கைப்பிடி முறுக்கிவிட்டால் தானே திரும்புகிறதா, பிறேக் நெம்பின் முனையில் உருண்டை இருக்கிறதா. எங்கள் வண்டியின் நெம்பு முனை உடைந்திருந்தது. விழுந்தால் வயிற்றில் குத்தும் என்று மறுத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு சிங்களப் பையன் தன் உதிரிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. மஞ்சள் கொடி என்றால் முந்தக்கூடாது, சிவப்பு என்றால் ஓட்டத்தை நிறுத்தித் திரும்ப வேண்டும், கறுப்பு என்றால் காட்டப்பட்டவன் வெளியேற வேண்டும் என்று ஒருவர் வகுப்பெடுத்தார். பரிசு இல்லை, நேரக்கணக்கு இல்லை. எதிரே வாகனம் வராது. நாய் குறுக்கே ஓடாது. வளைவொன்றில் ஒருவன் சறுக்கிப் புல்லில் உருண்டு, எழுந்து, தூசு தட்டிக்கொண்டு நடந்து வந்தான். எங்கள் வீதியென்றால் அந்த இடத்தில் ஒரு மதில் இருந்திருக்கும். எனக்கு மிகப் பழக்கமான அந்த வாக்கியமும்.

தடத்திலும் சாகிறார்களே என்பீர்கள். மறைக்க மாட்டேன். 2024 ஏப்ரல் 21 இல் தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் தடம் விலகிய கார் பார்வையாளருக்குள் புகுந்து, எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தனர். 2023 ஓகஸ்டில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் உயிரிழந்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பந்தயத்தில் விட்டவர்களை மன்னிக்க என்னால் இயலாது. ஆயினும் இரண்டு சம்பவங்களின் பின்னரும் கேள்விகள் கேட்கப்பட்டன: தடுப்பு எங்கே இருந்தது, பார்வையாளர் ஏன் அங்கே நின்றனர், வயதெல்லை என்ன. வீதியில் சாகும் பிள்ளைக்கு அந்த மரியாதைகூடக் கிடைப்பதில்லை. மதிலின் சொந்தக்காரர் மதிலைத் திருத்துவார். நாங்கள் அடுத்த செய்திக்குப் போவோம்.

தடமென்றால் கோடிக்கணக்கில் செலவாகும் என்பது இன்னொரு சாட்டு. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் போர்க்கால விமானத்தளம். 1948 இல் அங்கே பந்தயம் தொடங்கியபோது அதில் ஓடுபாதைகளும் வைக்கோலும் தவிர வேறொன்றும் பெரிதாக இருக்கவில்லை. சென்னைக்காரர் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகுமுன் சோழவரத்துப் பழைய ஓடுபாதையில்தான் ஓட்டினர். களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையிலும் அதே கதை. வடக்கில் நான் கேட்பது அவ்வளவுகூட இல்லை. (முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வலிகாமம் வடக்கில் இன்னும் விடுவிக்கப்படாத மக்கள் காணியில் ஓர் அங்குலமும் இதற்கு வேண்டாம். அது உரியவர்களுக்குப் போகட்டும்.) மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது ஓர் அரச தளத்தில், இறப்பர்க் கூம்புகள் வைத்து, ஓர் அம்புலன்ஸ் நிறுத்தி, நுழைவுக்கு முன் வண்டியைப் பரிசோதிக்கும் ஒருவரை அமர்த்தினால் போதும். பரிசோதனையில் தோற்கும் வண்டிகளின் தொகையைப் பார்த்தாவது, வீதியில் எவை ஓடுகின்றன என்பது அதிகாரிகளுக்கு விளங்கும். அத்துடன், நொறுங்கிய வண்டியின் பதிவுப் புத்தகத்தில் அவ்வுண்மையை எழுத ஒரு முத்திரை. முத்திரைக்கு என்ன செலவு?

இக்கருத்துகளைச் சுருக்கி அந்த நாளிதழுக்கு ஆசிரியருக்கான கடிதமாக அனுப்பினேன். மூன்று வாரங்களாகியும் வெளிவரவில்லை. இடநெருக்கடி என்று தொலைபேசியில் சொன்னார்கள். நானும் அக்கதிரையில் இருந்து அதே விடையைப் பலருக்குச் சொன்னவன், கோபிக்கவில்லை.

மருமகன் அறுத்த அந்தச் சட்டத்தின் கழுத்துத் துண்டு என் மேசையில், பத்திரிகை நறுக்குகளின் மேல் பாரமாக இருக்கிறது. வெடிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். தலையங்கம் எழுதிய நண்பர் இந்தப் பக்கம் வந்தால், ஒரு தேத்தண்ணியும் குடித்து, விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போகலாம்.