மினுமினு கார்டும் எழுதாத பேனாவும்

"அக்கா, இந்தப் பேனாவும் எழுதலை!"

போன தீபாவளி நேரத்தில் என் தங்கை இப்படித்தான் போனில் அலறினாள். முத்தியால்பேட்டையில், வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிய பிறகு, அதுவரை பொழுதுபோக்காக இருந்த தையல்தான் வீட்டுக்குச் சோறு போடுகிறது. கடைக்குப் பெயர் வைத்து, போர்டு மாட்டி, விசிட்டிங் கார்டும் அடித்தாயிற்று. ஒன்றல்ல, இரண்டல்ல, ஆயிரம் கார்டு.

இதில் என் பங்கும் உண்டு. பிரிண்டிங் கடைக்கு அவளோடு போனது நான்தான். கடைக்காரர் பெரிய ஆல்பம் ஒன்றைப் பிரித்து வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் கார்டு. "இது கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு, இதையே போடு"ன்னு விரலை வைத்தது நான். இரண்டு பக்கமும் கிளாஸ் லேமினேஷன். பார்சல் வந்ததும் ஒரு கார்டில் மஞ்சள் குங்குமம் வைத்து மணக்குள விநாயகர் கோயிலுக்கு எடுத்துப் போனோம். போய்ச் சேர்வதற்குள் மஞ்சள் வழுக்கி என் விரலுக்கு வந்துவிட்டது. அப்போதே சுதாரித்திருக்கலாம்.

தையல்காரரின் கார்டு, மற்ற கார்டு போல பர்ஸில் தூங்குவதில்லை. அதன் பின்பக்கம்தான் ரசீது. என்றைக்கு டெலிவரி, எவ்வளவு அட்வான்ஸ், எத்தனை துணி, எல்லாம் அங்கேதான் எழுதித் தர வேண்டும். பளபள கார்டில் பால் பாயின்ட் பேனா வழுக்குகிறது. ஜெல் பேனா எழுதும், ஆனால் காயாது. அவசரத்துக்குப் பிள்ளையின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தாள். ஒரு நிச்சயதார்த்த ப்ளவுஸுக்கு எழுதிய ட்ரையல் தேதி, அந்த அம்மாவின் கை வியர்வையில் அழிந்தே போயிற்று. அவர் நிச்சயதார்த்தத்தன்று காலையில் வந்து நின்றார். கை இறுக்கம். பிரித்துத் தைக்க நேரமில்லை. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வரவேண்டிய ஏழு ப்ளவுஸும் வேறு கடைக்குப் போய்விட்டன.

ஒரு கார்டால் ஏழு ப்ளவுஸ்! மறுபடி அதே பிரிண்டிங் கடைக்குப் போனோம். இந்த முறை ஆல்பத்தைத் திறக்கவில்லை, கேள்விகளைத்தான் திறந்தோம். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். "நீங்க எழுதணும்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்மா" என்றார். நியாயம்தான்.

அவர் சொல்லிப் புரிந்துகொண்டது இது. கார்டுக்கு உடம்பு ஒன்று, மேல்தோல் ஒன்று. உடம்பின் கனத்தை ஜிஎஸ்எம் என்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்தக் கணக்கு. ஜெராக்ஸ் பேப்பர் 70, 75 இருக்கும். விசிட்டிங் கார்டுக்கு 300 பக்கம் இருந்தால்தான் விறைப்பாக நிற்கும். சாதாரணமாகப் போடும் ஆர்ட் போர்டில், காகிதத்தின் மேல் வெள்ளைக் களிமண் போன்ற பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் லேமினேஷன் என்று ஒட்டுவது சுத்தமான பிளாஸ்டிக், தலைமுடியை விட மெல்லிசு. பேனா மை ஊறிப் போக அங்கே இடமே இல்லை.

பளபள கார்டு கெட்டது என்று சொல்ல மாட்டேன். கேக் கடை, பொம்மைக் கடை, போட்டோ போட்ட கார்டுக்கெல்லாம் அதில்தான் கலர் எடுப்பாக வரும். ஆனால் பணம் அனுப்பும் க்யூஆர் கோடு அச்சடிப்பதானால் கவனம். ட்யூப்லைட் வெளிச்சம் அதன் மேல் விழுந்து மின்னினால், போனைச் சாய்த்துச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மேட் லேமினேஷன் கண்ணுக்கு இதம். தொட்டால் மெத்தென்று இருக்கும், மின்னாது. கறுப்பு, கருநீலம் மாதிரி அடர்ந்த நிறத்தில் மட்டும் போடாதீர்கள். எண்ணெய்க் கை பட்டால் ரேகை விழும், ஓரம் உரசி வெளுக்கும். அந்த மேட்டின் மேல் பெயரை மட்டும் பளபளக்க வைப்பதுதான் ஸ்பாட் யூவி. வார்னிஷ் பூசி, புற ஊதா வெளிச்சத்தில் காயவைக்கிறார்கள். வக்கீல், ஆர்க்கிடெக்ட் கார்டுகளில் பார்த்திருப்பீர்கள். மீன் வியாபாரம், பிளம்பிங் என்று எப்போதும் ஈரக் கையோடு இருப்பவர்களுக்குக் கிழியாத பிளாஸ்டிக் கார்டே இருக்கிறது. ஆனால் அவற்றிலும் பேனாவை நம்ப முடியாது.

பேச்சு டெக்ஸ்சர் போர்டுக்கு வந்தது. துணி நெய்தது போலவும் கோடு போட்டது போலவும் மேடு பள்ளமான காகிதம். தங்கைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தையல் கடைக்குத் துணி மாதிரிக் கார்டு, கேட்கவே நன்றாக இல்லையா? அங்கேதான் தமிழுக்கென்றே ஒரு வில்லங்கம். பொடி எழுத்தில் அடித்தால் புள்ளி பள்ளத்துக்குள் விழுந்து காணாமல் போகிறது. கடைக்காரர் காட்டிய பழைய சாம்பிள் ஒன்றில் 'தையல்' என்பது 'தையல' என்று நின்றது. இங்கிலீஷ் எழுத்துக்கு இந்தக் கஷ்டம் குறைவு. தமிழில் அடிப்பவர்கள், காகிதம் சொரசொரப்பாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

அப்போதுதான் தங்கை, "ஆசிரமத்துப் பேப்பர் எழுதுமே?" என்றாள். புதுச்சேரிக்காரிக்கு அது தோன்றாமல் இருக்குமா! எஸ்.வி. படேல் சாலையில் இருக்கிறது ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை. 1959-ல் ஆரம்பித்தது. அங்கே காகிதத்துக்கு மூலப்பொருள் மரமில்லை, பருத்தித் துணி. வெட்டி மிஞ்சிய துண்டுகளை நறுக்கி, தண்ணீர் விட்டு அடித்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, பிழிந்து, காயவைத்தால் காகிதம். ஆண்டு முழுக்கத் தன் மெஷினுக்கு அடியில் வெட்டுத் துணியைக் கூட்டி அள்ளும் என் தங்கைக்கு இது தெரிந்ததும் ஒரே பெருமை. "என் குப்பையும் ஒருநாள் கார்டு ஆகும்" என்றாள்.

வாங்கி வந்து வைத்துப் பார்த்தோம். பால் பாயின்ட் பேனா வெண்ணெயாக ஓடியது. ஓரம் பிசிறு பிசிறாக, கையால் கிழித்த மாதிரி அழகு. மடித்தால் மடிந்தது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள், தானே நேரில் வந்துபோனதற்கு அடையாளமாகக் கார்டின் மூலையை மடித்து வைத்துவிட்டுப் போவார்களாம். பிளாஸ்டிக் போர்த்திய நம் கார்டில் அதைச் செய்தால் முறுக்கிக்கொண்டு நிமிர்ந்துவிடும்! ஆனால் கைக்காகிதம் விலை அதிகம். ஒவ்வொரு தாளும் கனத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பதால் எல்லா மெஷினும் அதை ஏற்காது. கடல் காற்று ஈரத்துக்கு ஓரம் லேசாகச் சுருளவும் செய்கிறது.

கடைசியில் முடிவு பிரித்தாயிற்று. தினசரிக்கு, பூச்சு இல்லாத வெள்ளை போர்டு, 300 ஜிஎஸ்எம், லேமினேஷன் கிடையாது. முன்பக்கம் மட்டும் மேட் போடலாமா என்று கேட்டேன். ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் வெறும் காகிதம் என்றால், காகிதம் ஈரத்தை இழுத்து உப்பி, கார்டு அப்பளம் போல வளையும் என்றார். விட்டுவிட்டோம். பின்பக்கம் மூன்று கோடு: பில் நம்பர், ட்ரையல் தேதி, டெலிவரி தேதி. அச்சடிக்கும் முன் அதே போர்டில் ஒரு துண்டு வாங்கி, அவள் கடைப் பேனாவாலேயே எழுதி, ஈர விரலால் தேய்த்துப் பார்த்தோம். கொஞ்சம் மங்கியது, படிக்க முடிந்தது. முதலில் 250 மட்டும் அடிக்கச் சொன்னோம். ஆயிரம் அடித்தால் ஒரு கார்டின் விலை குறையும் என்பது தெரியும். ஏற்கெனவே ஆயிரம் வீட்டில் கிடக்கிறதே!

கைக்காகிதம், கல்யாண ப்ளவுஸ் கொடுப்பவர்களுக்கு மட்டும். அச்சே கிடையாது. கடைப் பெயருக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறாள். கல்யாணப் பெண்ணின் பெயரைத் தன் கையாலேயே எழுதி, தைத்த ப்ளவுஸின் மேல் செருகித் தருகிறாள். இந்த வைகாசியில் அப்படிக் கார்டு வாங்கிய பெண்களில் ஒருத்தி, நிச்சயதார்த்த ப்ளவுஸ் சொதப்பிய அதே வீட்டுப் பெண்ணின் நாத்தனார்.

மிச்சமிருக்கும் பளபள கார்டுகளா? லேஸும் ஊக்கும் சுற்றி வைக்க அவற்றைப் போல வழுவழுப்பான அட்டை வேறு கிடைக்காதாம். இன்னும் ஒரு எழுநூறு இருக்கும். தையல்காரர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறாள்.