குதிக்காமல் வென்றவர்

2018 பிப்ரவரி 20. தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஐஸ் டான்ஸ் போட்டியின் இறுதி நாள். கனடாவின் டெஸா விர்ச்சூ – ஸ்காட் மோயர் இணை 206.07 புள்ளிகளுடன் தங்கம் வென்றது. பிரான்ஸின் கேப்ரியெல்லா பாப்பாதாகிஸ் – கியோம் சிஸெரோன் இணைக்குக் கிடைத்தது 205.28. இடைவெளி வெறும் 0.79 புள்ளி.

அந்த வெற்றிக்குப் பின் உலகம் இரண்டு கேள்விகள் கேட்டது. இந்த இருவரும் காதலர்களா என்பது ஒன்று. நடனத்தை எப்படித் தசமப் புள்ளி வரை அளக்க முடியும் என்பது மற்றொன்று. ஊடகங்கள் முதல் கேள்வியின் பின்னால் ஓடின. பதில் தேவைப்பட்டது இரண்டாவது கேள்விக்குத்தான். அதைப் புரிந்துகொண்டால் டெஸா விர்ச்சூவின் இருபது ஆண்டு உழைப்பும் புரியும்.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இருவர் சேர்ந்து ஆடும் பிரிவுகள் இரண்டு. ‘பேர்ஸ்’ எனப்படும் இணையர் பிரிவில் ஆண் தன் துணையைத் தலைக்கு மேல் தூக்குவார். காற்றில் வீசி எறிவார். இருவரும் மூன்று சுற்றுத் தாவல்கள் செய்வார்கள். ஐஸ் டான்ஸில் இவற்றுக்கு அனுமதி இல்லை. விர்ச்சூ போட்டியிட்ட காலத்து விதிப்படி, துணையைத் தூக்குபவரின் கை அவர் தலைக்கு மேல் போகக்கூடாது. வால்ட்ஸ், டேங்கோ போன்ற அரங்க நடனங்களிலிருந்து பிறந்த பிரிவு இது. உலகப் போட்டியில் 1952இலும் ஒலிம்பிக்கில் 1976இலும்தான் இதற்கு இடம் கிடைத்தது.

பார்ப்பவர் மூச்சைப் பிடிக்கும் தாவல்களை எல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? பிளேடு. ஸ்கேட்டிங் காலணியின் அடியில் இருக்கும் அந்த எஃகுத் தகட்டின் தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். அதன் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுவதால் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு விளிம்புகள். எந்த விளிம்பில் உடலைச் சாய்க்கிறோமோ அந்தப் பக்கமாகப் பாதை வளையும். வலது கால், இடது கால், முன்னோக்கி, பின்னோக்கி என்று சேர்த்தால் எட்டு வகை. இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வேகம் குறையாமல், தடுமாறாமல் மாறுவதுதான் ஐஸ் டான்ஸின் இலக்கணம். இரண்டு விளிம்புகளும் ஒருசேரப் பனியில் பதிந்தால் அந்தத் திருப்பம் சுத்தமில்லை என்று பொருள். அதற்கான மதிப்பு குறையும். கச்சேரியில் பிருகாவுக்குக் கைதட்டுபவர்கள் பலர், சுருதி சுத்தத்தைக் கவனிப்பவர்கள் சிலர். ஐஸ் டான்ஸ் முழுக்க முழுக்க அந்தச் சிலருக்கான தேர்வு.

இதை ஒருவர் செய்வதே கடினம். இருவர் மார்போடு மார்பு ஒட்டி, ஒருவர் முன்னோக்கியும் மற்றவர் பின்னோக்கியும் பாயும்போது நான்கு பிளேடுகள் ஒன்றையொன்று உரசாமல் போக வேண்டும். விலகி நின்று ஆடுவது எளிது. அதனால் நெருக்கத்துக்கு இங்கே மதிப்பு அதிகம். ‘ட்விசில்’ என்றொரு அங்கம் உண்டு. ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே பனியில் நகர்ந்து செல்ல வேண்டும். இருவரும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிக்க வேண்டும். முன்னணி இணைகள்கூட இங்கே சறுக்கியிருக்கின்றன.

இந்தத் திறமை விர்ச்சூவுக்கு எங்கிருந்து வந்தது? 1989இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரில் பிறந்தவர் அவர். 1997இல், ஏழு வயதில், ஒன்பது வயது ஸ்காட் மோயருடன் அவரைச் சேர்த்துவிட்டவர் ஸ்காட்டின் அத்தையும் பயிற்சியாளருமான கேரல் மோயர். பாலே நடனத்திலும் தேர்ந்திருந்த சிறுமிக்கு கனடாவின் தேசிய பாலே பள்ளியில் சேரும் வாய்ப்பு வந்தது. அவர் பனித்தளத்தைத் தேர்ந்தெடுத்தார். பின்னர் இருவரும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மரினா ஸூயேவா, இகோர் ஷ்பில்பாண்ட் ஆகியோரிடம் பயின்றார்கள். அதே தளத்தில், அதே ஆசிரியர்களிடம் அமெரிக்காவின் மெரில் டேவிஸ் – சார்லி ஒயிட் இணையும் பயின்றது. உலகின் மிகப் பெரிய போட்டியாளர்கள் தினமும் கண்ணெதிரே இருந்தார்கள்.

2008இல் விர்ச்சூவின் கால்கள் மறுத்தன. உழைக்கும்போது கெண்டைக்கால் பகுதித் தசைகள் வீங்க, அவற்றைச் சுற்றியுள்ள உறை விரிந்து கொடுக்காமல் உள்ளே அழுத்தம் கூடி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் நோய் அது. அந்த அக்டோபரில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் படுக்கையில் இருந்த நாட்களில் மோயர் மணல் மூட்டையையும் ஹாக்கி மட்டையையும் துணையாகக் கொண்டு பயிற்சி செய்தார். இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. திரும்பி வந்தபோது காலோடு உறவையும் சீராக்க வேண்டியிருந்தது. வலி முழுதாக விலகவும் இல்லை. இருந்தும் 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள். ஐஸ் டான்ஸில் வட அமெரிக்காவுக்கு அதுவே முதல் தங்கம். விர்ச்சூவுக்கு வயது இருபது. அதே ஆண்டு அக்டோபரில் மீண்டும் அறுவை சிகிச்சை.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் டேவிஸ் – ஒயிட் தங்கம் வென்றார்கள், இவர்களுக்கு வெள்ளி. இரண்டு ஆண்டுகள் போட்டியிலிருந்து விலகி இருந்தார்கள். 2016இல் மான்ட்ரியல் நகருக்குக் குடிபெயர்ந்து, மரீ-ஃப்ரான்ஸ் டுப்ரேய், பட்ரீஸ் லோஸோன் ஆகியோரிடம் சேர்ந்தார்கள். அங்கேயும் பக்கத்திலேயே பயிற்சி செய்தது முதன்மைப் போட்டியாளரான பிரெஞ்சு இணை. 2017இல் மூன்றாவது உலகப் பட்டம் வந்தது. அடுத்த ஆண்டு பியோங்சாங்.

இப்போது அந்த 0.79 புள்ளிக்கு வருவோம். போட்டி இரண்டு நாள் நடந்தது. இரண்டாம் நாள் ஃப்ரீ டான்ஸில் முந்தியது பிரெஞ்சு இணைதான்: 123.35க்கு 122.40. முதல் நாள் ஷார்ட் டான்ஸிலோ கனடா இணை 83.67, பிரெஞ்சு இணை 81.93. அன்று பாப்பாதாகிஸின் உடையின் கழுத்துக் கொக்கி கழன்றுவிட்டது. அதோடுதான் அவர் ஆடி முடித்தார். அந்த நிதானம் பாராட்டுக்குரியது. முதல் நாள் 1.74 முன்னிலை, இரண்டாம் நாள் 0.95 பின்னடைவு, மீதி 0.79.

இந்தப் புள்ளிகள் பிறப்பது இப்படித்தான்: ஒவ்வோர் அங்கத்துக்கும் தொழில்நுட்பக் குழு முதலில் அதன் கடினத்தின் படிநிலையை முடிவு செய்கிறது. பிறகு ஒன்பது நடுவர்கள் அதைச் செய்த தரத்துக்கு மதிப்பெண் இடுகிறார்கள். மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுக்கிறார்கள். இதோடு, அன்றைய விதிப்படி, ஸ்கேட்டிங் திறன், இசையோடு ஒன்றுதல் போன்றவற்றுக்குத் தனி மதிப்பெண். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் வெடித்த நடுவர் ஊழலுக்குப் பிறகுதான் பழைய ‘ஆறு புள்ளி’ முறையை ஒழித்து இதைக் கொண்டுவந்தார்கள். குறையே இல்லாத முறை இல்லை இது. நடுவர்களும் மனிதர்களே, பெயர் பெற்றவர்கள்மீது சாய்வு வரலாம். ஆனால் எந்தத் திருப்பத்துக்கு எவ்வளவு என்ற விவரத் தாள் வெளியாகிறது. சந்தேகப்படுபவர் அதை எடுத்துப் பார்க்கலாம், வாதாடலாம்.

முதல் கேள்விக்கும் ஒரு வார்த்தை. தாங்கள் காதலர்கள் இல்லை என்று இருவரும் பலமுறை சொன்னார்கள். பியோங்சாங்கில் ‘மூலான் ரூஜ்’ இசைக்கு அவர்கள் காட்டிய தாபம் நடிப்பு. அதைத் தாங்கியது இருபது ஆண்டு காலடிப் பயிற்சி. தேர்ந்த நடிகையின் கண்ணீரை அவருடைய சொந்தத் துக்கம் என்று நாம் சொல்வதில்லை. விர்ச்சூவின் கலையைக் காதல் கணக்கில் எழுதுவது அவருடைய உழைப்பை அவரிடமிருந்து பறிப்பதாகும். ஆண்களைவிடப் பெண் வீராங்கனைகளுக்கே இது அதிகம் நேர்கிறது.

பியோங்சாங்கில் குழுப் போட்டியிலும் கனடா தங்கம் வென்றது. அதையும் சேர்த்து விர்ச்சூ – மோயர் இணையின் மொத்த ஒலிம்பிக் கணக்கு மூன்று தங்கம், இரண்டு வெள்ளி. ஒலிம்பிக் வரலாற்றில் அதுவரை எந்த ஃபிகர் ஸ்கேட்டரும் ஐந்து பதக்கங்களைத் தொட்டதில்லை. 2019 செப்டம்பரில் இருவரும் ஓய்வை அறிவித்தார்கள்.

அடுத்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஐஸ் டான்ஸ் வரும்போது முகங்களை விட்டுப் பாதங்களைப் பாருங்கள். இருவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எந்த விளிம்பில் சாய்கிறார்கள், வேகம் குறைகிறதா என்று கவனியுங்கள். ஒளிபரப்புபவர்களும் காதல் கதை சொல்லும் நேரத்தில் பாதியை இதை விளக்கச் செலவிடட்டும். ஒரு விளையாட்டின் இலக்கணத்தைத் தெரிந்துகொண்டு பார்ப்பதே அதை ஆடுபவருக்கு நாம் தரக்கூடிய முதல் மரியாதை.