கெட்டி ஷாக் வண்டியைக் காப்பாற்றாது

காட்டுக்கும் மலைக்கும் போகிற வண்டி என்றால் ஷாக் அப்சார்பர் கெட்டியாக இருந்தாக வேண்டும் என்று நம் ஊரில் அநேகமாக எல்லோருமே நம்புகிறார்கள். புதுத் தார் வாங்கியவர், ஜிம்னி வாங்கியவர், பழைய ஜிப்ஸியைச் செப்பனிட்டு ஓட்டுகிறவர் என்று யாரிடம் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். ‘ஹெவி டூட்டி’ என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் விலை கூடினாலும் வாங்கிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. பணம் வீணாவதோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். கரடுமுரடான பாதையில் டயரின் பிடியையே இது பறிக்கிறது.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். கல்லில் ஏறி அமுங்கிய ஸ்பிரிங், விட்டால் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகள், துளைகளை மூடியபடி மெல்லிய எஃகுத் தகடுகள். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் தகடுகளை வளைத்துக்கொண்டு அந்தத் துளைகள் வழியே பீறிடுகிறது, துள்ளலின் ஆற்றல் சூடாக மாறி வெளியேறுகிறது. பின்பக்கம் தொங்குகிறது என்பதற்காகக் கெட்டி ஷாக் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அசையாமல் நிற்கும் வண்டியில் எண்ணெய் எந்தத் தடையும் தராது. தொங்கும் வண்டிக்கு மாற்ற வேண்டியது ஸ்பிரிங்.

கடைகளில் ஒரு சோதனை நடக்கும். ஷாக்கைத் தரையில் நிமிர்த்தி வைத்து உள்ளங்கையால் அழுத்துவார்கள். அமுங்க மறுத்தால், விட்டதும் எழும்பி வந்தால், ‘செம ஸ்ட்ராங்’ என்று தீர்ப்பு. அங்கே கையை எதிர்ப்பது பெரும்பாலும் உள்ளே அடைத்த நைட்ரஜன் வாயு. 14 மில்லிமீட்டர் தண்டும் 25 பார் அழுத்தமும் உள்ள ஷாக்கில் அந்த எதிர்ப்பு சுமார் 39 கிலோ வரும். எண்ணெய் நுரைத்துப் போகாமல் இருக்கத்தான் அந்த வாயு. கல்லில் மோதும் சக்கரத்தின் வேகத்தில் தகடுகள் எப்படி வேலை செய்யும் என்பதை இந்த அழுத்தல் சொல்லவே சொல்லாது. அதை நம்பி நான்கு ஷாக் வாங்குவது கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதுதான்.

மேடும் பள்ளமும் அடுத்தடுத்து வரும் மண்சாலையில் ஓரளவு வேகமாகப் போகும்போது கெட்டி ஷாக்கின் குறை வெளிப்படும். விரியும்போது ஷாக் அதிகமாகத் தடுத்தால், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுதாகக் கீழே இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. ஒவ்வொரு மேட்டிலும் சஸ்பென்ஷன் இன்னும் கொஞ்சம் சுருங்கி, கடைசியில் ரப்பர் ஸ்டாப்பில் போய் இடிக்கும். ஓட்டுகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ‘ஷாக் வீக், இன்னும் கெட்டியா போடணும்’ என்பார். நோயே மருந்தாகிவிடுகிறது. தரையைத் தொடாத டயர் வண்டியைத் திருப்பவும் செய்யாது, பிரேக்கும் பிடிக்காது. வளைவில் இது விளையாட்டல்ல.

ஊர்ந்து ஏறும் பாதையின் கணக்கு வேறு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் பாறை மேல் ஏறும் அதே நேரத்தில் அதே பக்கத்துப் பின்சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். இவ்வளவு மெதுவான அசைவில் ஷாக்கின் கெட்டியைவிட நீளம்தான் முக்கியம். இரண்டு அங்குலம் உயர்த்தும் ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு ஷாக்கைப் பழைய நீளத்திலேயே விட்டால், சக்கரம் ஷாக்கிலேயே தொங்கும். பள்ளத்தை எட்டாது. நாளடைவில் பொருத்தும் கண்ணியே பிய்ந்துவிடும். ஷாக் நீளமாகிவிட்டாலும் கேடுதான். ரப்பர் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே பிஸ்டன் அடியில் முட்டி ஷாக் சாகும். இதை அளக்கப் பெரிய வித்தை வேண்டாம். ஷாக்கைக் கழற்றிவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டு சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, மேல் கீழ் பொருத்துமிடங்களுக்கு நடுவே டேப் பிடியுங்கள். பிறகு சக்கரத்தை ரப்பர் ஸ்டாப் நசுங்கும் வரை உயர்த்தி மறுபடி பிடியுங்கள். முதல் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஷாக் விரிய வேண்டும், இரண்டாவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்க வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்களிடம் இதே நம்பிக்கை வேறு உருவில் இருக்கிறது. ஒற்றைக் குழாய் ஷாக்தான் உசத்தி, இரட்டைக் குழாய் மட்டம் என்பார்கள். ஒற்றைக் குழாய் சூட்டை வேகமாக வெளியேற்றும், உண்மைதான். ஆனால் கல் பட்டு அந்தக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் நசுங்கினாலும் உள்ளே ஓட்டம் தொடர வாய்ப்புண்டு. ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் ரோடு மாதிரி, சலவைப் பலகை போல வரிவரியாகக் கிடக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மண்சாலைகளுக்கென்று பெயர் பெற்ற ஓல்ட் மேன் ஈமுவின் நைட்ரோசார்ஜர் இரட்டைக் குழாய் ஷாக்தான். கெட்டியைத் திருகி மாற்றும் ஷாக்கிலும் இதே கதைதான். ராஞ்சோ 9000 ஷாக்கில் ஒன்பது நிலைகள் உண்டு. அதை வாங்கி மிகக் கெட்டியான ஒன்பதிலேயே நிறுத்தி ஓட்டுகிறவர்களுக்கு மீதி எட்டு எதற்கு என்ற கேள்வியே எழுவதில்லை.

கெட்டி ஷாக்குக்கு இடமே இல்லையா? உண்டு. இரும்பு பம்பர், வின்ச், மேலே கூடாரம் என்று நிரந்தரமாக எடை ஏற்றி அதற்கேற்ற ஸ்பிரிங்கும் போட்டிருந்தால், அந்த ஸ்பிரிங்கை அடக்க விரியும் திசையில் கூடுதல் தடை தேவை. ஜிப்ஸிக்கு நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். ஜிம்னி சுமார் 1,200 கிலோ, சுருள் ஸ்பிரிங். 2020-இல் வந்த தார் அதைவிடப் பல நூறு கிலோ கூடுதல், முன்சக்கரங்கள் தனித்தனியாக அசைபவை. இந்த மூன்றுக்கும் பொதுவாக ‘கெட்டி’ என்று ஒரு பதில் இருக்க முடியாது.

விரிந்த நீளம், சுருங்கிய நீளம், போட்டிருக்கும் ஸ்பிரிங், வழக்கமாக ஏற்றும் எடை, இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் ‘ஹெவி டூட்டி’ பெட்டியை எடுத்து நீட்டும் கடையில் வாங்காதீர்கள்.