மலையிறங்கும் வண்டிக்கு விளக்கும் ஒரு பிரேக்குதான்

கொல்லிமலையில் விளைவது எதுவானாலும் கீழே இறங்கினால்தான் காசு. வாழைத்தாரும் பலாவும் அன்னாசியும் சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே சமவெளிச் சந்தைகளுக்குப் போகின்றன. காலைச் சந்தைக்குச் சரக்கு சேர வேண்டுமானால் இருட்டோடு புறப்பட வேண்டும். பல நாட்களில் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் ஒரு வளைவின் நடுவே முகப்பு விளக்கு அணைந்தால், சரக்கு மட்டுமா போகும்?

பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் டயரைப் பார்க்கிறார்கள், ஆயிலைப் பார்க்கிறார்கள். விளக்கைப் பார்ப்பதோ தகுதிச் சான்று புதுப்பிக்கும்போதுதான். விளக்கு அதிகாரிக்குக் காட்டுவதற்கு என்ற எண்ணம் ஊறிவிட்டது. இது தவறு. மலைப்பாதையில் விளக்கும் ஒரு பிரேக்குதான்.

கோளாறு எங்கே?

விளக்கு மங்கினால் உடனே பல்பை மாற்றுவது வழக்கம். ஆனால் பழைய வண்டியில் பெரும்பாலும் குற்றவாளி பல்பு அல்ல, ‘எர்த்’தான். பல்புக்கு மின்சாரம் ஒரு வயர் வழியாகப் போகிறது. திரும்பி வரும் வழி வண்டியின் இரும்பு உடலே. மலையின் ஈரத்தில் இரும்பு துருவேறி, செம்புக் கம்பி பச்சை பூத்துவிட்டால் அந்த வழி அடைபடும். பின்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் சிவப்பு விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறதா? எர்த் போய்விட்டது என்று வண்டியே சொல்கிறது. பாட்டரியின் நெகடிவ் முனையிலிருந்து ஒரு தனி வயரை பல்பு ஹோல்டரின் உடலில் தொட்டுப் பார்க்கலாம். விளக்கு பளிச்சென்று எரிந்தால் ஐயமே வேண்டாம். எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் போதும்.

எர்த் சரியாக இருந்தும் விளக்கு எரியாவிட்டால் ‘டெஸ்ட் லேம்ப்’ உதவும். 12 வோல்ட் சிறு பல்பில் இரண்டு வயர் சேர்த்தால் அதுவே டெஸ்ட் லேம்ப். ஒரு முனையை வண்டியின் சுத்தமான இரும்பில் வைத்து, விளக்கு சுவிட்சைப் போட்டுவிட்டு, மறுமுனையால் பியூஸ், சுவிட்ச், பல்பு ஹோல்டர் என்று வரிசையாகத் தொட வேண்டும். கடைசியாக எரிந்த இடத்துக்கும் முதலில் எரியாத இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. எலி கடித்த வயரும் தளர்ந்த இணைப்பும் இப்படித்தான் அகப்படும்.

எல்லா விளக்கும் ஐட்லிங்கில் மங்கி, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பிரகாசித்தால் பெல்ட்டையும் பாட்டரி முனைகளையும் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பாட்டரியில் சுமார் 14 வோல்ட் இருப்பது நல்லது. 13-க்கும் கீழே நின்றால் சார்ஜ் சரியாக ஏறவில்லை. அது எலக்ட்ரீஷியன் வேலை.

செய்யக் கூடாதவை

பியூஸ் போனால் செம்புக் கம்பியையோ சிகரெட் தாளையோ சுற்றி ஓட்டுவது மலையில் சர்வ சாதாரணம். இதைவிட ஆபத்தான சிக்கனம் வேறில்லை. 60 வாட் விளக்கு இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் போதும். ஆனால் எங்கோ உரசி ஷார்ட் ஆனால் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். பியூஸ் எரிந்தால் சில ரூபாய் நட்டம். வயர் எரிந்தால் வண்டியே நட்டம். புதுப் பியூஸும் உடனே போனால் பெரிய பியூஸ் தேடாமல் ஷார்ட்டைத் தேடுவதே அறிவுடைமை. வயரில் கை வைக்குமுன் நெகடிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும்.

வெளிச்சம் போதவில்லை என்று கூடுதல் விளக்குகளைப் பழைய வயரிலேயே ஒட்டுப்போடுவதும் கூடாது. அதற்கெனத் தனி வயரும் ரிலேயும் பியூஸும் வேண்டும். பனிமூட்டத்தில் மேல் வெளிச்சம் கண்ணுக்கே திரும்பும், டிம்தான் வழிகாட்டும்.

பிரேக் விளக்கை மறந்துவிடக் கூடாது. இறக்கத்தில் பின்னால் வரும் பஸ்ஸுக்கு அதுவே ஒரே சேதி. வீட்டில் ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் பின்னால் நின்று பார்த்தால் வேலை முடிந்தது.

இவற்றைக் கற்க அரை நாள் போதும். பயிருக்கு மருந்தடிக்கக் கற்றுத் தருகிறார்கள். விளைந்ததைப் பத்திரமாகக் கீழே சேர்க்கவும் கற்றுத்தர வேண்டாமா? நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையமும் தொழிற்பயிற்சி நிலையங்களும் சேர்ந்து, செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ சந்தை நாளில் ஒரு பயிற்சி முகாம் நடத்தினால் மலை விவசாயிகள் பயன்பெறுவார்கள். அதுவரை ஒரு டெஸ்ட் லேம்பும், நாலு பியூஸும், ஒரு துண்டு உப்புத்தாளும் ஒவ்வொரு வண்டியிலும் இருக்கட்டும். அவற்றின் விலை ஒரு வாழைத்தாரின் விலைகூட ஆகாது.