கோவாவா... கொச்சியா?

செமஸ்டர் முடிஞ்சா எல்லா கேன்டீன்லயும் ஒரே டாபிக்தான்... 'டூர் எங்கடா?' எங்க கேங்ல அஞ்சு பேர். சிங்காநல்லூர் குளத்தைத் தாண்டி பெருசா தண்ணி பார்க்காத ஆளுங்க. அதனால கடல்தான்னு முடிவாச்சு. கோவா, மூணு நாள், ரிசார்ட்னு ஒருத்தன் நோட்டுல பிளானே போட்டுட்டான்.

எல்லாரும் குஷியா இருக்க, ஒருத்தன் மட்டும் "அன்னிக்கு வீட்ல விசேஷம்டா"ன்னான். எந்தத் தேதி சொன்னாலும் அவனுக்கு விசேஷம்! அப்புறம்தான் உறைச்சது. அவங்கப்பா பம்ப்செட் பட்டறையில லேத் ஓட்டுறவர். விசேஷம் இல்ல, காசு இல்ல. பொய் சொல்ற நிலைமைக்கு அவனைக் கொண்டுபோனது எங்க தப்பு.

நோட்டைக் கிழிச்சோம். ஆளுக்கு 500 ரூபாய், ஒரே நாள், ஃபோர்ட் கொச்சி! நீங்களும் போகலாம். டிப்ஸ் இதோ...

முதல்ல கிழமை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி லீவு. பக்கத்துல 1568-ல கட்டின யூதர் ஆலயத்துக்கு சனி லீவு. ரெண்டும் வேணும்னா ஞாயிறுதான் பெஸ்ட்!

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல நின்னா மதுரை, திருச்சிதான் போவீங்க. கோவை ஜங்ஷன்ல ரயில் ஏறுங்க. பாலக்காடு வழியா நாலு மணி நேரம் போல எர்ணாகுளம். அங்கிருந்து டாக்ஸி வேண்டாம். அரசு படகு இருக்கு, வாட்டர் மெட்ரோவும் ஓடுது. சில்லறைக் காசுல கடல் காத்து!

காலையில சீன வலை. கயித்துல கட்டின கல்லுங்கதான் எதிர் எடை. நாலஞ்சு பேர் இழுத்தா அவ்ளோ பெரிய வலை மேல வருது. மெக்கானிக்ஸ் கிளாஸ்ல தூங்கினவங்க இங்க முழிச்சுக்கலாம்.

அடுத்து அரண்மனை. 1555 வாக்குல போர்ச்சுகீசியர் கட்டி கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. பின்னாடி டச்சுக்காரங்க புதுப்பிச்சதால 'டச்சு அரண்மனை'ன்னு பேர் ஒட்டிக்கிச்சு. ராமாயண சுவரோவியங்களை மிஸ் பண்ணாதீங்க.

செயின்ட் ஃபிரான்சிஸ் சர்ச்ல ஞாயிறு காலை ஆராதனை நடக்கும். நேரம் விசாரிச்சு பிற்பகல்ல போங்க. 1524-ல கொச்சியில இறந்த வாஸ்கோடகாமாவை இங்கதான் புதைச்சாங்க. 1539-ல போர்ச்சுகலுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. லிஸ்பனுக்கு நமக்குத்தான் விசா வேணும். அவர் விசா இல்லாமலே வந்துட்டார்!

ஜூன், ஜூலை மட்டும் வேண்டாம், மழை பின்னும்.

சாயங்காலம் பீச். நம்ம 'விசேஷம்' பையன் பேண்ட்டை மடிச்சு விட்டுட்டு அலையில அசையாம நின்னான். பேச்சே இல்ல. திரும்பறப்ப சொன்னான்: "எங்கம்மா கடலப் பார்த்ததே இல்லடா. 500 ரூபாதானே... கூட்டிட்டு வந்துடலாம்."

உங்க கேங்லயும் அப்படி ஒருத்தன் இருப்பான். பிளானை அவன் பாக்கெட்டுல இருந்து ஆரம்பிங்க பாஸ்!

அடுத்த வாரம் பார்க்கலாம்... வர்ட்டா?