நூறு சதவீதத் தேர்ச்சியும் மூன்று வரி பைத்தானும்

(நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் மட்டும் படியுங்கள்.)

போன ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தான். இப்போது அவனுக்கு முப்பது வயது. தனியார் கம்பெனியில் வேலை. "வேலைய விடப்போறேங்கிறான் டீச்சர். நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் சங்கிலி இல்லை. அதை அடகு வைத்துத்தான் பையன் இரண்டு நாள் அல்கோ டிரேடிங் வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறான்.

லேப்டாப்பைத் திறந்து காட்டினான். மூன்று வரி. முதல் வரியில் ஒய்ஃபைனான்ஸ் என்ற லைப்ரரியை அழைக்கிறான். இரண்டாவதில் பங்குகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் டாட் என்எஸ். மூன்றாவதில் தேதி. 2010-லிருந்து எல்லா விலையும் அட்டவணையாக வந்து விழுகிறது. வகுப்பில் கொடுத்த விதியை அதன்மேல் ஓட்டினால் வருடத்துக்கு 38 சதவீத லாபம்!

"இது நான் சொல்றது இல்ல டீச்சர். டேட்டா சொல்லுது."

அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இந்தப் பதிவு.

எனக்குப் பைத்தான் கொஞ்சம் தெரியும். கொரோனா சமயத்தில் மகள் சொல்லிக்கொடுத்தாள். பேரனுக்குச் சதவீதக் கணக்கு நடத்த இதே லைப்ரரியைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஆகவே, "ரிட்டயர்டு டீச்சருக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஒன்று. இந்த லைப்ரரி யாஹூ கம்பெனி செய்தது அல்ல. யாஹூ தன் பழைய தரவுச் சேவையை 2017-ல் நிறுத்தியபோது ரான் அரூசி என்ற நிரலாளர் அந்த ஓட்டையை அடைக்கச் செய்தது. தொடக்கத்தில் அதன் பெயரே ஃபிக்ஸ் யாஹூ ஃபைனான்ஸ்தான். யாஹூவுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை, ஆராய்ச்சிக்கும் கல்விக்கும்தான் இது என்று அறிமுகப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நேர்மையான ஆட்கள். இவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதையே "என்எஸ்இ-யிலிருந்து நேரடி டேட்டா" என்று சொல்லி விற்ற வகுப்புக்காரர்மேல்தான் கோபம்.

ஓட்டியதும் திரையில் ஓர் எச்சரிக்கை வரி வந்தது. "அது என்னடா?" என்றேன். "அதெல்லாம் கண்டுக்க வேணாம்னு சார் சொன்னாங்க டீச்சர்." எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் 'கேள்வியை முழுதாகப் படி' என்று கத்தியவள் நான்.

விலைகளைத் திருத்தித் தருவது இனி தானாகவே நடக்கும் என்கிறது அந்த வரி. திருத்துவது என்றால்? ரிலையன்ஸ் 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. 2,650 ரூபாய்ப் பக்கம் இருந்த விலை அடுத்த வணிக நாளில் 1,330 பக்கம் வந்தது. யாருக்கும் நஷ்டமில்லை, ஒரு பங்கு இரண்டானது, அவ்வளவுதான். அதற்கு ஏற்றபடி யாஹூ பழைய விலைகளையும் பாதியாக்கிவிடுகிறது. அதற்கு மேல் டிவிடெண்டுக்கும் சேர்த்துக் குறைப்பதைத்தான் எச்சரிக்கை வரி சொல்கிறது. எத்தனை சதவீதம் வளர்ந்தது என்று பார்க்க இது சரியான முறை. ஆனால் இவன் விதி என்ன? 'ரிலையன்ஸ் 1,500-க்குக் கீழே வந்தால் வாங்கு.' அதன்படி 2024 செப்டம்பரில் 1,480-க்கு வாங்கியதாக நிரல் பெருமையாகக் காட்டுகிறது. அன்று சந்தையில் உண்மை விலை 2,950 பக்கம்! அந்த விலைக்கு ஒருவராலும் வாங்கியிருக்க முடியாது. என்எஸ்இ தினமும் இலவசமாக வெளியிடும் பவ்காப்பியை எடுத்து ஒப்பிடச் சொன்னேன். பையன் முகம் கொஞ்சம் மாறியது.

இதைக்கூட விட்டுவிடலாம். பெரிய மோசடி பெயர்ப் பட்டியலில் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு இது சட்டென்று புரியும். சில பள்ளிகளில் பத்தாம் வகுப்பில் வருடா வருடம் நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஃபிளெக்ஸ் வைப்பார்கள். எப்படி? சுமாராகப் படிக்கிற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளை எப்படித் தோற்கும்?

இவன் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? இன்றைய நிஃப்டி ஐம்பது பங்குகளின் பெயரை எடுத்து, அவற்றை 2010-லிருந்து வாங்கி விற்றதாகக் கணக்குப் போட்டிருக்கிறான். இன்று அந்தப் பட்டியலில் இருப்பவை பதினைந்து வருடம் தாக்குப்பிடித்து ஜெயித்தவை. 2010-ல் இதே நிஃப்டியில் யூனிடெக் இருந்தது. சுஸ்லான் இருந்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், ரிலையன்ஸ் கேபிடல், ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் எல்லாம் இருந்தன. அன்று நீ வாங்கியிருந்தால் அவற்றையும் சேர்த்துத்தானே வாங்கியிருப்பாய்? அவற்றுக்கெல்லாம் டி.சி. கொடுத்துவிட்டு 38 சதவீதம் என்றால் என்ன அர்த்தம்?

"அப்ப பழைய பேரையும் சேர்த்துக்கலாம் டீச்சர்" என்றான். நல்ல பையன்தான். சரி, நம் ஊர்ப் பக்கத்துப் பெயர் ஒன்றைப் போடு என்றேன். 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்களுக்குப் பணம் பத்திரம். பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பூஜ்யம், பங்கு மூலதனம் முழுவதையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். போட்டுப் பார்த்தான். 'பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம், விலை விவரம் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி வந்தது. நிரல் அதைத் தாண்டி அடுத்த பங்குக்குப் போய்விட்டது. மொத்த லாபத்தில் ஒரு பைசாகூடக் குறையவில்லை. எத்தனையோ குடும்பத்தின் சேமிப்பு முழுசாகப் போன இடத்தில், டேட்டாவில் ஒரு வெற்றிடம். டேட்டா சொல்லுது என்றாயே தம்பி, இங்கே என்ன சொல்கிறது?

அந்த வகுப்பின் அடுத்த கட்டம் ஆப்ஷன்ஸாம். அதற்குத் தனிக் கட்டணம். முடிந்துபோன ஆப்ஷன்களின் பழைய விலை இந்த லைப்ரரியில் கிடையவே கிடையாது. ஒரு நிமிட விலை வேண்டுமென்றால் கடைசி முப்பது நாளுக்குள்தான். அப்படியிருக்க, பங்கின் தினசரி விலையில் சோதித்த விதியை வைத்து ஆப்ஷன்ஸ் விளையாடச் சொல்கிறார்கள். 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. பாடம் நடத்துகிறேன் என்கிறவர், பங்கின் பெயரைச் சொல்லி விலை எங்கே போகும் என்று காட்டுவதற்குக் கடந்த மூன்று மாத விலைகளைப் பயன்படுத்தக்கூடாது என்றும் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. இவர்களோ வகுப்பிலேயே நேற்றைய விலையை ஓட்டிக் காட்டுகிறார்கள்.

'இலவசமாகக் கிடைக்கிற டேட்டாவில் இவ்வளவு குறை சொல்லலாமா?' என்று ஒருவர் கேட்டார். ஐயா, டேட்டா இலவசம்தான். வகுப்புக்குத்தான் ஒரு சங்கிலி போயிருக்கிறது.

பையனிடம் வேலையை விடாதே என்று நான் சொல்லவில்லை. 2010 ஜனவரியில் நிஃப்டியில் இருந்த ஐம்பது பெயரையும் கையால் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இன்று என்ன ஆயிற்று என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு வா என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். முந்தாநாள் இரவு போன் செய்தான். முப்பத்தொன்று முடிந்திருக்கிறதாம். ராஜினாமாக் கடிதத்தை இன்னும் அனுப்பவில்லையாம்.

வகுப்பு நடத்துகிறவர்கள் பின்னூட்டத்தில் இணைப்புப் போட வேண்டாம், நீக்கிவிடுவேன். பதில் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், உங்கள் பேக்டெஸ்டில் உள்ள பெயர்ப் பட்டியல் எந்தத் தேதியில் எடுத்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.