பதினோரு நாள் பிரயாணம்

மார்க்கு அட்டையில் தகப்பனார் கையெழுத்தைத் தாமே போட்டுக்கொண்டு வரும் சாமர்த்தியசாலிகளை நாம் இருபது வருஷமாகப் பார்த்து வருகிறோம். இந்த வித்தையில் நம் கண்ணுக்குத் தப்பியவர்கள் சொற்பமே என்ற கர்வமும் நமக்கு உண்டு. சென்ற பருவத் தேர்வு முடிந்தபின் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கொண்டுவந்த அட்டையில் கையெழுத்து கோழி கிளறிய குப்பை போல் இருந்தது. "யார் போட்டது?" என்றோம். "அப்பா, ஸார்" என்றான். நாம் நம்பவில்லை. வகுப்பு முழுவதும் பார்க்க அவனை நிற்க வைத்து, "நாளைக்கு அப்பாவோடு வா" என்று உத்தரவும் போட்டோம்.

மறுநாள் அவர் வந்தார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் காதில் விழும் இந்த வேப்பனப்பள்ளியில், பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து குடும்பம் நடத்துகிறவர். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. எல்லைப் பணியில் கண்ணிவெடிக்குக் கொடுத்த கை அது. மேஜைமேலிருந்த பேனாவை இடது கையால் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். அதே எழுத்து!

"நேற்றே சொல்லியிருக்கலாமே, தம்பி?" என்று பையனைக் கேட்டோம். அவன் பேசவில்லை. தகப்பனார்தான் சிரித்துக்கொண்டு சொன்னார்: "என் கையைப் பற்றிச் சொன்னால் நீங்கள் இரக்கப்பட்டு இரண்டு மார்க்குக் கூடப் போட்டுவிடுவீர்களாம், ஸார். அது வேண்டாமாம்."

தலை குனிந்து நின்றவன் பையன். குனிந்திருக்க வேண்டியவர்கள் நாம்.

அவர்கள் போனபின், இன்னோர் இடது கையின் நினைவு நமக்கு வந்தது. கூர்க்கா என்றால் இரவில் விசில் ஊதிக்கொண்டு வரும் காவலாளி என்றே நம்மில் பலர் அறிவோம். லச்சிமான் குருங் என்பவரும் ஒரு கூர்க்காதான். 1917-ஆம் வருஷம் நேபாளத்து மலைக் கிராமமொன்றில் பிறந்தவர். உயரம் ஐந்து அடிக்கும் குறைவு. 8-வது கூர்க்கா ரைபிள்ஸில் சாதாரணச் சிப்பாய்.

1945 மே 12-ஆம் தேதி இரவு, பர்மாவில் ஐராவதி நதிக்கு மேற்கே தௌங்டா என்னுமிடத்தில், படைப் பிரிவின் முன்னணிப் பள்ளத்தில் அவர் காவலிருந்தார். சுமார் இருநூறு ஜப்பானியர் தாக்க வந்தனர். கைக்குண்டு ஒன்று பள்ளத்தின் விளிம்பில் விழுந்தது. எடுத்துத் திருப்பி எறிந்தார். இரண்டாவது உள்ளேயே விழுந்தது, அதையும் எறிந்தார். மூன்றாவது கையிலேயே வெடித்தது. வலது கை விரல்கள் போயின, புஜம் நொறுங்கிற்று, வலது கண்ணும் பின்னர் பார்வையிழந்தது. அருகிலிருந்த தோழர் இருவரும் படுகாயமுற்றுக் கிடந்தனர். லச்சிமான் இடது கையாலேயே துப்பாக்கியில் ரவை ஏற்றி, இடது கையாலேயே சுட்டு, நான்கு மணி நேரம் அந்த இடத்தைக் காத்தார்.

இந்தத் தீரச் செயலுக்காக விக்டோரியா கிராஸ் பதக்கம் கிடைத்தது. 1945 டிசம்பர் 19-ஆம் தேதி, தில்லிச் செங்கோட்டையில் வைஸிராய் வேவல் பிரபு அதைச் சூட்டினார். அதே மாதத்தில் அதே கோட்டையில்தான் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ வீரர்களான ஷா நவாஸ் கான், ஸெகல், தில்லான் மூவர்மீதும் விசாரணை நடந்துகொண்டிருந்தது! தேசமே அந்த விசாரணையைப் பார்த்துக் கொதித்திருந்தபோது, அந்நிய அரசன் பெயரால் ஊனமுற்ற ஒரு மலைநாட்டு ஏழையை யார் நினைப்பார்கள்?

ஒருவர் நினைத்தார். அவர் லச்சிமானின் தகப்பனார். தள்ளாத வயது, நடக்கவும் திராணியில்லை. ஆயினும் மகனுக்கு மரியாதை நடப்பதைப் பார்த்தே தீருவதென்று கிளம்பினார். பதினோரு நாள் அவரைச் சுமந்துகொண்டு வந்தார்கள். மலையும் காடும் கடந்து அந்தக் கிழவர் பார்க்க வந்தது பதக்கத்தையா? விரல் போன கையைத் தொட்டுப் பார்க்க வந்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

லச்சிமான் பிற்பாடு ஊருக்குத் திரும்பி நிலத்தை உழுது பிழைத்தார். ஒரு கையோடு உழுவதென்றால் என்ன என்பதை விவசாயக் குடும்பங்கள் அறியும். அவரும் தகப்பனாரானார். புதல்வர்களில் ஒருவர் அதே 8-வது கூர்க்கா ரைபிள்ஸில் அதிகாரியானார். தொண்ணூறு வயதில், ஓய்வுபெற்ற கூர்க்காக்கள் இங்கிலாந்தில் குடியேற உரிமை கேட்ட கிளர்ச்சியிலும் லச்சிமான் கலந்துகொண்டார். 2009-இல் பிரிட்டிஷ் சர்க்கார் இணங்கிற்று. 2010 டிசம்பர் 12-ஆம் தேதி, தமது தொண்ணூற்றிரண்டாம் வயதில் அவர் காலமானார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீரச் செயல் நான்கு மணி நேரம். அதன்பின் ஊனத்தோடு வாழ்ந்தது அறுபத்தைந்து வருஷம். நான்கு மணி நேரத்துக்குப் பதக்கம் உண்டு. அறுபத்தைந்து வருஷத்துக்கு என்ன உண்டு? சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். பூனாவை அடுத்த கிர்க்கியில், அங்கஹீனமுற்ற சிப்பாய்களுக்குத் தொழில் கற்பிக்க குவீன் மேரி தொழிற்பள்ளி ஏற்பட்டது. முதுகெலும்பு அடிபட்டு நடக்க இயலாதவர்களுக்காக 1974-இல் அதே ஊரில் வேறொரு நிலையமும் அமைந்தது. இருந்தாலும் பென்ஷன் அரிசி வாங்கும். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடாது. அதைப் போடுவது மனைவியின் கை, மகனின் கை. வீரனைக் கடைசிவரை சுமப்பது வீடுதான். அந்த வீட்டுக்கு ஊரார் செய்ய வேண்டியது இரக்கப்படுவதன்று. சந்தேகப்படாமலும் அவமதிக்காமலும் இருப்பது.

நாம் இரண்டையும் செய்துவிட்டோம். ஆகையால் மறுநாள், எந்த வகுப்பின் முன்னே பையனை நிற்க வைத்தோமோ, அதே வகுப்பின் முன்னே நாம் நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு லச்சிமானின் கதையைச் சொன்னோம். பதினோரு நாள் பிரயாணம் வந்தபோது, அதுவரை குனிந்திருந்த ஒரு தலை மெதுவாக நிமிர்ந்தது.

மார்க்கு விஷயத்தில் அவன் இஷ்டப்படியே நடந்துகொண்டோம். ஒன்றுகூடக் கூட்டிப் போடவில்லை.